தூங்கிப்போன டிரைவர்

நெட்டை மெக்கானிக்கைக் கண்டதுமே டிரைவர் மகளை மனசுக்குள் திட்டினார். ஊரில் மெக்கானிக்குகளுக்கா பஞ்சம்? ஸ்பானரைத் தலைகீழாகப் பிடிக்கிறவன் இருக்கிறான். எந்தக் கோளாறு என்று போனாலும் பேட்டரியை மாற்றச் சொல்கிறவன் இருக்கிறான். மகள் அப்படி ஒருத்தனைக் கூட்டி வந்திருக்கக் கூடாதா? தேடிப்பிடித்து இவனையா கூட்டி வரவேண்டும்? இவன் பிடித்தால் உடும்புப் பிடி. கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை சோறு இறங்காது, கண்டுபிடித்துவிட்டால் வாய் நிற்காது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. போலீஸ் விடுவித்த பிறகு இழுத்து வந்து நிறுத்திய வேன் அதற்குள் நின்றது. வலது பக்கமிருந்து பார்த்தால் பெயிண்ட் உதிர்ந்த ஒரு பழைய வேன், அவ்வளவுதான். இடது பக்கம் போனால் பார்க்க முடியாது. கதவு இல்லை. முன் சீட்டு இருந்த இடத்தில் தகரமும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவன் டிரைவரின் மருமகன். இப்போது அவன் இல்லை. மகள் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பழைய போர்வையால் மூடி வைத்திருந்தாள்.

"அப்பா, நீ எதுக்கு இங்க வெந்துகிட்டு நிக்கிற? உள்ள போய்ப் படு," என்றாள் மகள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. தெருவுக்கே அவள் தையல்காரி. துணி தைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருந்தாள்.

"படுத்துப் படுத்து முதுகு புண்ணாயிடுச்சு. நான் இருக்கேன்," என்றார். அவருடைய வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. விலா எலும்பு இரண்டில் விரிசல் என்று சொல்லியிருந்தார்கள். மூச்சு விடும்போதெல்லாம் அது தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, நீங்களே கேளுங்க," என்று மகள் மெக்கானிக்கிடம் திரும்பினாள். "செக் பண்ண வந்த அதிகாரி ஏறி உக்காந்தாரு. பெடலை ரெண்டு மிதி மிதிச்சாரு. புடிச்சுது. ரோட்டுல டயர் தேஞ்ச தடம் இல்ல. அவ்வளவுதான், பிரேக் நல்லா இருக்கு, டிரைவர் தூங்கிட்டாருன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. எங்க மாமியார் வீட்டுல அதையே வேதவாக்கா புடிச்சுகிட்டாங்க. எங்க அப்பா ஸ்டியரிங்கைப் புடிச்சுகிட்டுத் தூங்குற ஆளா?"

"தடம் இல்லேன்னா பிரேக்கே புடிக்கலேன்னும் அர்த்தம் எடுக்கலாம்ல," என்றான் நெட்டை.

"அதைத்தான் நானும் தொண்டை தண்ணி வத்தக் கத்துறேன். ஒரு காதும் கேக்கல. கேஸ் வேற வருது. நீங்க பாத்து இன்ன கோளாறுன்னு சொல்லிட்டா, அங்க வந்தும் சொல்லணும். சொல்வீங்களா?"

"இருந்தா சொல்வேன். இல்லாததைச் சொல்லமாட்டேன். அதுக்கு வேற ஆள் பாத்துக்கோ," என்ற நெட்டை டிரைவரைப் பார்த்தான். "டிரைவரண்ணே, நீங்க சொல்லுங்க. பெடல் உள்ள போச்சா, கல்லு மாதிரி நின்னுச்சா?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல தம்பி."

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து அவர் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான்.

"அப்பா இதே பாட்டுதான் பாடுது அண்ணே. தலையில அடிபட்டதுல மறந்துடுச்சு. அதனாலதான் உங்களைக் கூட்டிவந்தேன்," என்றாள் மகள். அப்பாவின் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

டிரைவருக்கு எதுவும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். இறக்கத்தில் பிரேக் போனது அவருக்குத் தெரியும். ஏன் போனது என்பதும் தெரியும். அது மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் காத்து வந்தது அது ஒன்றைத்தான்.

விபத்துக்கு முந்தின நாள் காலையில் அவர் வண்டிக்குப் பின்னால் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும் போல, விளக்கு எரியுது. ஊத்திடு," என்று குரல் கொடுத்தார். மருமகன் வீட்டுக்குள் போய் அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து வந்தான். "ஊத்தியாச்சு மாமா, விளக்கு போயிடுச்சு," என்றான். வேலை என்றால் சுறுசுறுப்பானவன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாட்டில் பிரேக் ஆயில் பாட்டில்தான். உள்ளே இருந்தது பிரேக் ஆயில் இல்லை, தையல் மெஷின் எண்ணெய். மகள் எண்ணெயைச் சில்லறையாக வாங்குபவள். காலியான பிரேக் ஆயில் பாட்டில் ஒன்றை அவள்தான் அவரிடம் கேட்டு வாங்கினாள். மூக்கு நீளமாக இருக்கிறது, மெஷின் ஓட்டைக்குள் சொட்டு விட வசதி என்றாள். அவரே சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தார். மாறிப்போகாமல் இருக்க அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தாள். அந்தத் துணியை பேத்தி சிட்டு எப்போதோ அவிழ்த்துத் தன் பொம்மைக்குத் தலை கட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் போகாத வயசு, அவளுக்கு என்ன தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே டிரைவர் கொட்டகைக்குப் போய் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊதிப் பெருத்திருந்தது. திருப்பி மூடினால் மூட வரவில்லை. விரலை விட்டு முகர்ந்தார். பிரேக் ஆயில் வாடை இல்லை. மகளின் துணிமணிகளில் எப்போதும் அடிக்கும் அந்த வாடைதான் அடித்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சீட்டுக்கு அடியில் கிடந்த பாட்டிலை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார். சிட்டுவின் பொம்மையைப் பார்த்த பிறகு மீதியும் விளங்கிவிட்டது. எண்ணெய் பாட்டிலைக் காணோம் என்று மகள் தேடியபோது, மூடி உடைஞ்சுபோச்சு, குப்பையில் போட்டுவிட்டேன் என்றார்.

டப்பாவை ஒரேயடியாகக் காலி செய்துவிடலாம் என்று பார்த்தார். ஒற்றைக் கையால் ஒரு நட்டைக்கூட அசைக்க முடியவில்லை. பழைய இரும்புக்காரனை வரவழைத்தார். கேஸ் முடியும்வரை வண்டி நகரக்கூடாது என்று மகள் அவனைத் துரத்திவிட்டாள். அப்பாவைக் காப்பாற்ற அவள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். அவள் ஓடுகிற ஓட்டமெல்லாம் அவளை நோக்கியே வருகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

நெட்டை வண்டியைச் சுற்றி வந்தான். போர்வை மூடியிருந்த பக்கம் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றான். மருமகன் அவனோடு டீக்கடையில் நின்று பேசிச் சிரிக்கிறவன். போர்வையைத் தொடாமல் இந்தப் பக்கம் வந்து டிரைவர் சீட்டில் ஏறினான்.

"தம்பி, டீ சொல்லட்டுமா?" என்றார் டிரைவர்.

"இப்பத்தான் குடிச்சேன்."

"இந்த வெயில்ல தகரத்துக்குக் கீழ நின்னு வேலை பாத்தா மயக்கம் வந்துடும். சாயங்காலமா வாயேன்."

"சாயங்காலம் மழை வரும் போல இருக்குண்ணே. கிழக்க கருத்துகிட்டு வருது."

பெடலை மிதித்தான். விட்டான். மறுபடி மிதித்தான். அவன் முகம் கோணியது.

"அந்த ஆளு இதையா நல்ல பிரேக்னு எழுதினாரு? பெடல்ல ஒரு விரக்கட விளையாட்டுகூட இல்லையே. கல்லாட்டம் நிக்குது. இது புடிக்கிற பிரேக் இல்லண்ணே. புடிச்சுட்டு விடாத பிரேக்."

"பழைய வண்டி தம்பி. அது எப்பவும் அப்படித்தான்."

"யாருகிட்ட கதை விடுறீங்க? போன மழைக்கு முன்னாடி நான்தானே இதுக்கு பிரேக் லைனிங் மாத்தினேன்? வெண்ணெய் மாதிரி இருந்துச்சு."

நெட்டை ஜாக்கி போட்டு வலது முன் சக்கரத்தைத் தூக்கினான். கையால் சுற்றிப் பார்த்தான். சுற்றவில்லை. காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தள்ளினான். முனகிக்கொண்டே அரைச் சுற்று வந்து நின்றது.

"பாத்தீங்களா? மிதிக்காமலே புடிச்சுகிட்டு இருக்கு."

"பிரேக் டிரம்மைக் கழட்டாதே. போல்ட் எல்லாம் துரு. உடைஞ்சுதுன்னா உனக்குத்தான் வேலை."

"அண்ணே," என்று நெட்டை குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தான், "வந்ததுலேர்ந்து பாக்குறேன், கல்யாணத்துக்கு வந்த ஆளைச் சாப்பிடாதேன்னு தடுக்குற மாதிரி தடுக்குறீங்க. உங்க தலையைக் காப்பாத்தத்தானே உங்க பொண்ணு என்னைக் கூட்டிட்டு வந்துச்சு?"

டிரைவர் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டார். டிரம் கழன்று வந்தது. உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. லைனிங் கருகிக் கண்ணாடியாகப் பளபளத்தது. நெட்டை விரலால் தடவி, நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டினான்.

அந்தக் கருகல் வாடை டிரைவரின் மூக்கில் இன்னும் இருந்தது. அன்றைக்கு மேட்டுக்கு வெறும் வண்டியாக ஏறும்போதே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கிளட்ச் தேய்ந்திருக்கும் என்று நினைத்தார். தரைக்கல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, "மாமா, ஏதோ கருகுது," என்றான் மருமகன். முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்றார் இவர். இறக்கத்தின் பாதியில் பெடல், ஈரத் துணியை மிதித்ததுபோல், தரைப் பலகை வரைக்கும் போய்விட்டது. மிதித்து மிதித்துப் பார்த்தார். கியரைக் குறைத்தார், கியர்ப் பெட்டி அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில் கம்பி கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சுவர்தான்.

நெட்டை இப்போது பிரேக் ஆயில் டப்பாவின் மூடிக்கு வந்திருந்தான். மூடியை எடுத்தான். ஊதிய ரப்பரைப் பார்த்தான். ஒரு சின்னக் குழாயை விட்டு உறிஞ்சி, தன் பையிலிருந்த டீ கிளாஸில் கொஞ்சம் பிடித்தான். கிளாஸைத் தூக்கி, தகர ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தில் காட்டிவிட்டுத் திட்டின்மேல் வைத்தான். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. கீழே மஞ்சளாக ஒன்று, மேலே தண்ணீர் நிறத்தில் ஒன்று. ஒன்றோடொன்று சேராமல் நடுவில் கோடு கிழித்துக்கொண்டு நின்றன.

"வேற எண்ணெய் ஊத்தியிருக்காங்க," என்றான். "எந்தப் பயலோ பிரேக் ஆயிலுக்குப் பதிலா வேற எண்ணெயை ஊத்தியிருக்கான். ரப்பர் எல்லாம் ஊதிப்போய் வழியை அடைச்சிருக்கு. மிதிச்ச பிரேக் திரும்பி வர வழியில்ல. புடிச்சபடியே ஓடி, சூடாகி, ஆயில் கொதிச்சு, பெடல் பலகைக்குப் போயிடுச்சு. ஆறினதும் மறுபடி பெடல் வந்துடுச்சு. அதனாலதான் அந்த ஆளு மிதிச்சப்போ புடிச்சிருக்கு. அண்ணே, நீங்க தூங்கலண்ணே. உங்க பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு சரி."

சந்தோஷத்தில் குரல் ஏறியது. "என்ன எண்ணெய்னு தெரிஞ்சா போதும், எவன் ஊத்தினான்னு புடிச்சுடலாம்," என்று கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான். ஒரு தடவை முகர்ந்தான். இன்னொரு தடவை முகர்ந்தான். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை மெதுவாக அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். அப்புறம் டிரைவரைப் பார்த்தான்.

"அண்ணே."

"சத்தம் போடாதே தம்பி."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். உக்காரு."

நெட்டை கழற்றிப்போட்ட டயர்மேல் உட்கார்ந்தான். டிரைவர் பாட்டில் கதையை, துணி கதையை, பொம்மை கதையை எல்லாம் தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லச் சொல்ல விலா வலித்தது. நெட்டை கரிக்கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப நான் என்ன சொல்லணுங்கிறீங்க?"

"பிரேக் நல்லா இருக்குன்னு சொல்லு."

"வாயில வருமா எனக்கு? கண்ணு முன்னாடி கிளாஸ்ல நிக்குது."

"வரவழைச்சுக்கோ."

"அண்ணே, கேஸ் இருக்கு. உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. இந்த வயசுல கம்பி எண்ணப் போறீங்களா?"

"எண்ணுறேன். எனக்கு என்ன இப்ப? சமைச்சுப் போட வீட்டுக்காரியா காத்துகிட்டு இருக்கா? அவ போய்ச் சேந்தாச்சு."

"உங்க பொண்ணு தெரிஞ்சே பண்ணிச்சா? அதுவும் இல்ல, உங்க மருமகனும் இல்ல. எல்லாருமே நல்லதுக்குப் பண்ணினது. எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்காதா? நாலு நாள் அழும். அப்புறம் தேறிடும்."

"நீ அவளைத் துணி தைக்கிறவளாத்தான் பாத்திருக்கே. நான் தோள்ல போட்டு வளத்தவன். சின்ன வயசுல ஒரு கோழிக்குஞ்சைத் தெரியாம மிதிச்சுட்டா. எத்தனை நாள் தரையில கால் வைக்காம கட்டில்லயே உக்காந்திருந்தா தெரியுமா? இது புருஷன் தம்பி. அவ கையால ஊத்தி வெச்ச எண்ணெய். அவ பெத்தது அவுத்த துணி. இதைத் தெரிஞ்சுகிட்டு அவ அந்த மெஷின்ல உக்காருவாளா? அந்தப் புள்ளை முகத்தை எப்படிப் பாப்பா?"

நெட்டை கிளாஸைத் தரையில் வைத்தான்.

"என்னை வெறுத்தாள்னா, திட்டிகிட்டே சோறு தின்னுடுவா," என்றார் டிரைவர். "தன்னையே வெறுத்துகிட்டா தின்னமாட்டா. எனக்கு அவ தின்னா போதும்."

"நீங்க சொல்றது பெரிய பாவம்ணே. யாருக்குன்னுதான் எனக்குத் தெரியல."

"எனக்குத்தான். ஊத்துன்னு சொன்னவன் நான். என்னத்தை ஊத்துறான்னு திரும்பிப் பாக்காதவனும் நான்தான். ஆயுசு முழுக்க வண்டி ஓட்டினவன், திரும்பிப் பாத்திருக்க வேணாமா? அந்தப் பாட்டிலைக் கழுவிக் குடுத்ததும் நான்தான். அப்புறம் இதுல பொய் எங்க இருக்கு?"

மெஷின் நின்றது. இருவரும் திடுக்கிட்டார்கள். நூல் மாற்றியிருப்பாள் போலிருக்கிறது, மறுபடி ஓடத் தொடங்கியது. நெட்டை எழுந்தான். கிளாஸை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் மண்ணில் கவிழ்த்தான். குழாயடியில் அதைக் கழுவு கழுவென்று கழுவினான். திரும்பி வந்து, டப்பாவிலிருந்த மிச்சத்தையும் உறிஞ்சி எடுத்தான். ஊதிய ரப்பர்களைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். பழைய சாமான்களிலிருந்து நல்ல ரப்பரை எடுத்து மாட்டி, புது ஆயில் ஊற்றி, டிரம்மையும் தேய்த்து வைத்தான். ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இருக்கிற அதே கவனத்தோடு தடயத்தை அழித்தான். இனி யார் வந்து மேலாகத் திறந்து பார்த்தாலும் அது நல்ல பிரேக்தான்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு மகள் தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. பின்னாலேயே சிட்டு நனைந்துகொண்டே வந்து தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"என்னண்ணே, புடிச்சுட்டீங்களா?"

நெட்டை டீயை வாங்கவில்லை. ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னான். "பாத்தேம்மா. எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். பிரேக்ல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா?"

"நல்லா இருக்கு. அந்த ஆளு எழுதினது சரிதான்."

மகள் டம்ளர்களைத் திட்டின்மேல் வைத்தாள். "நீங்களும் அவங்க சொல்றதையே சொல்றீங்களா? உங்களை எங்க மாமியார் வீட்டுல யாராவது பாத்தாங்களா?"

"அப்படியெல்லாம் பேசாதம்மா."

"அப்ப உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியலன்னு சொல்லுங்க. எங்க அப்பா தூங்கல. டவுன்ல பெரிய ஒர்க்‌ஷாப் இருக்கு. நாளைக்கே அங்க இழுத்துட்டுப் போறேன். அவங்க சொல்லட்டும். அவங்களுக்கும் தெரியலேன்னா அதுக்கு மேல போவேன்."

நெட்டை டிரைவரை ஒரு பார்வை பார்த்தான். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். கூலி கேட்கக்கூட நிற்கவில்லை.

"நல்ல மெக்கானிக்குன்னு ஊரெல்லாம் பேரு. வாய்தான் நீளம்," என்று மகள் பொரிந்தாள். "நீ கவலைப்படாதேப்பா. நான் விடமாட்டேன்."

இவள் விடமாட்டாள் என்பது டிரைவருக்குத் தெரியும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் கண்டுபிடிக்காவிட்டால் அதைவிடப் பெரிய இடத்துக்குப் போவாள். பத்துப் பேர் பார்த்தால் ஒருத்தன், டிரம்மில் தேய்த்தும் போகாத நீலத்தைப் பார்த்து வாயைத் திறப்பான். மெக்கானிக் சொல்லி இவள் நம்பப் போவதில்லை. அவரே சொன்னால்தான் உண்டு.

"சிட்டு, உள்ள போய் தாத்தாவுக்குத் துண்டு எடுத்துட்டு வா," என்று பேத்தியை அனுப்பினார். அது தண்ணீரை எத்திக்கொண்டே ஓடியது.

"யாரையும் கூட்டிவர வேணாம்மா," என்றார். "நான் தூங்கிட்டேன்."

"என்னது?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஞாபகம் இல்லேன்னு சொன்னது பொய். நான் தூங்கிட்டேன்."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எதுக்குப்பா இப்படிப் பேசுற? யாராவது மிரட்டினாங்களா?"

"முந்தின நாள் ராத்திரி பல்லு வலியில துடிச்சேன்ல. நீதானே உப்புத் தண்ணி போட்டுக் குடுத்தே? விடிய விடியக் கண்ணு மூடல. காலையிலேர்ந்தே சொருகிட்டு இருந்துச்சு. லோடு ஏத்தும்போதே மாப்ள சொன்னான், மாமா, நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க, நான் ஓட்டுறேன்னு. நான் குடுக்கல. என் வண்டியை எனக்கு ஓட்டத் தெரியாதான்னு கத்திட்டேன்."

பல்வலி நிஜம். உப்புத் தண்ணீர் நிஜம். மற்றதெல்லாம் பொய். அந்த இரண்டு உண்மைகளைப் பிடித்துக்கொண்டு பொய் முழுவதும் அவளுக்குள் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முகத்தில் நிறம் மாறியது. திட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கேட்டாரா?" என்றாள். "நான் ஓட்டுறேன்னு கேட்டாரா?"

"கேட்டான்."

"நீங்க குடுக்கல."

நீங்க என்றாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவரை நீ என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

"நீங்க தூங்கலேன்னு நான் போலீஸ்ல போய்ச் சண்டை போட்டேன். எங்க மாமியாரை, பெத்த புள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷியை, வாயில வந்தபடி பேசினேன். அவங்க முகத்துலயே முழிக்கமாட்டேன்னு வந்தேன். உங்களுக்காக. நீங்க பாத்துகிட்டே இருந்தீங்க."

"பயமா இருந்துச்சும்மா."

"என்ன பயம்?"

"நீ இப்படிப் பாப்பேன்னு."

அது ஒன்றுதான் அவர் அவளிடம் அன்றைக்குக் கலப்படமில்லாமல் சொன்னது. திட்டுவாள், அடிப்பாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் மழையில் நனைந்துகொண்டு நடந்து வீட்டுக்குள் போனாள். தாத்தாவுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு வந்த சிட்டுவை வாசலிலேயே நிறுத்திக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். டீ இரண்டு டம்ளரிலும் ஆடை கட்டி ஆறியது.

மறுநாள் சம்பந்தியம்மா ஒரு வாடகை வண்டியோடு வந்தாள். மகள்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சம்பந்தியம்மா வெற்றிக் களிப்போடு வருவாள் என்று நினைத்திருந்தார். அவளோ வீட்டுக்குள் வந்ததும் மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டு பெண்களும் ஒருத்தி தோளில் ஒருத்தி முகம் வைத்து அழுவதை டிரைவர் கூடத்து மூலையிலிருந்து பார்த்தார். இந்த அழுகை இத்தனை நாள் அவரால்தான் தடைபட்டிருந்தது என்று தோன்றியது.

தையல் மெஷினை இரண்டு ஆட்கள் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மகள் கூடவே நின்று, கால் இடிக்காமல் பார்த்து ஏற்றச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவருக்கு மனசு ஆறியது. தைப்பாள். இவள் எங்கே இருந்தாலும் தைத்துச் சாப்பிட்டுக்கொள்வாள். தான் கேட்டது கிடைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிடைத்தது இவ்வளவு கனமாக இருக்கும் என்று யார் கண்டது.

சிட்டு தாத்தாவின் மாவுக்கட்டைத் தட்டி, "வலிக்குதா?" என்றாள். இல்லை என்றார். "நீ எப்ப வருவே?" என்றாள். அதற்குள் சம்பந்தியம்மா குழந்தையை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

மகள் கடைசியாகத் துணிமூட்டையோடு வெளியே வந்தாள். நேராகப் போய்விடுவாள் என்று நினைத்தார். வாசற்படியில் இறங்கியவள் நின்றாள். திரும்பி அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் கழுத்திலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வேற எதுவும் கேக்கமாட்டேன். கடைசியா அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

டிரைவரின் வாய் தானாகத் திறந்தது.

சொன்னான். ஹேண்ட் பிரேக் கம்பி கையோடு வந்தபோது சொன்னான். இறக்கத்தின் அடியில் பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். ரோடு முழுக்கப் பிள்ளைகள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். அவன் அலறவில்லை. "கீழ புள்ளைங்க மாமா. என் பக்கம் சுவத்துல சாத்துங்க," என்றான். அவர் கை வரவில்லை. அவனே குனிந்து ஸ்டியரிங்கில் கை போட்டு, தன் பக்கமாகத் திருப்பினான். கண் விழித்த நாளிலிருந்து அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு பிரேக்கில் போய் முடியும். ஆனாலும் எல்லாம் அடங்கி, அழுது தீர்ந்து, அவள் ஓய்ந்து உட்காரும் ஒரு நாளில் அவளிடம் மட்டும் சொல்லவேண்டும் என்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். உன் புருஷன் எப்படிப்பட்டவன் தெரியுமா என்று சொல்லவேண்டும். பெரியவளானதும் சிட்டுவுக்கும் சொல்லவேண்டும்.

அவள் காத்துக்கொண்டு நின்றாள். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நான்தான் தூங்கிட்டேனே."

அவள் சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தாள்.